உங்களுக்குத் தெரியுமா? ஈரானின் கிராம மன்றங்கள்

ஈரானில் கிராம மன்றத் தேர்தலுக்கு அடிப்படை அரசமைப்புச் சட்டம் மட்டுமன்று, திருக்குர்ஆனும்தான். 1979ஆம் ஆண்டு அரசமைப்பின் 7ஆம் பிரிவு, கலந்தாலோசித்துச் செயல்படச் சொல்லும் இரு வசனங்களை முன்வைத்து, நாடாளுமன்றம் முதல் கிராம மன்றம் வரை எல்லாவற்றையும் முடிவெடுக்கும் அமைப்புகளாக ஏற்கிறது. ஆயினும் அது நெடுநாள் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. அதிபர் முகம்மது கத்தாமி காலத்தில், 1999 பிப்ரவரியில்தான் நாடு தழுவிய முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது.

கிராம மன்றம் 'தெஹ்யார்' எனப்படும் நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கிறது. நகர மன்றம் மேயரை. 2003இல் அப்படி டெஹ்ரான் மேயரான மகமூத் அகமதிநெஜாத், இரண்டே ஆண்டில் அதிபரானார்!

மன்றத்தின் முடிவுகள் நாட்டின் சட்டத்துக்கும் இஸ்லாமிய நெறிக்கும் முரணாகக் கூடாது என்கிறது 105ஆம் பிரிவு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதே சிக்கல். அங்கீகரிக்கப்பட்ட சிறுபான்மைச் சமயத்தினரும் மன்றத் தேர்தலில் போட்டியிட 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் மற்றவர்கள் போட்டியிடுவது ஷரீஅத்துக்கு ஒவ்வாது என்று 2017இல், சட்டங்கள் இஸ்லாமிய நெறிக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் காவலர் மன்றத்தின் செயலாளர் அறிவித்தார். யஸ்து நகர மன்றத்துக்கு மீண்டும் தேர்வாகியிருந்த சொராஸ்ட்ரியர் செபந்தா நிக்நாம் இடைநிறுத்தப்பட்டார். நாடாளுமன்றமோ சட்டத்தின் பக்கம் நின்றது. இழுபறி, இத்தகைய மோதல்களைத் தீர்க்கும் உயர் ஆலோசனை அவைக்குப் போனது. 2018 ஜூலையில் அந்த அவை நிக்நாமுக்குச் சாதகமாக முடிவெடுத்தது.