மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை!

‘தி விட்சர் 3’ வீடியோ கேம் விளையாடியவர்களிடம் அதில் வரும் பிளடி பாரனைப் பற்றிக் கேட்டால் போதும், இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கேமிங் சென்டரில் கல்லூரிப் பையன்கள் இருவர் இதற்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“குடிச்சுட்டுப் பொண்டாட்டிய அடிச்சவன்டா அவன்!”

“அடிச்சான், இல்லைங்கல. ஆனா கடைசில அவளுக்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போறான்ல?”

கதை எப்படி முடியும் என்பது ஆடுபவன் எடுக்கும் முடிவில் இருக்கிறது. ஒருவன் ஆட்டத்தில் பாரன் மனைவியோடு மலைக்குக் கிளம்பினான். மற்றவன் ஆட்டத்தில் மரத்தில் தொங்கினான். பாரன் பிழைத்தால் அநாதைப் பிள்ளைகள் சாகும். பிள்ளைகளைக் காப்பாற்றினால் பாரனின் மனைவி சாவாள். 2015-ல் வந்த விளையாட்டு, பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. 2023-ல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-ல் அஸ்டேரியன் வேறு ரகம். 200 வருடம் எஜமானுக்கு அடிமையாக இருந்து ஆட்களை மயக்கிக் கூட்டிவந்தவன். 7,000 உயிர்களைப் பலிகொடுத்தால் எஜமானின் இடம் அவனுக்கே. நாம் தூண்டினால் செய்வான்; பேசிப் பேசித் தடுத்தால் விடுவான்.

மதுரைக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? மதுரை வீரனைப் பாருங்கள். பொம்மியைத் தூக்கிப் போனவன், திருமலை நாயக்கரிடம் சேவகத்தில் இருந்து வழிப்பறிக்காரர்களை அடக்கியவன், வெள்ளையம்மாள் விவகாரத்தில் பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கதைப்பாடல் ஒன்றையும் மறைக்கவில்லை. வெட்டிய ஊரே மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுர வாசலருகே அவனைக் காவலுக்கு நிறுத்திக் கும்பிடுகிறது.

கண்ணகி மட்டும் லேசுப்பட்டவளா? சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததுமே பாண்டியன் உயிரை விட்டுவிட்டான். வழக்கு அங்கேயே தீர்ந்தது. அதன் பிறகும் ஊருக்குத் தீ வைக்கிறாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு, தீயவர் பக்கம் போ என்று நெருப்புக்கே உத்தரவு. நெருப்பு ஆள் பார்த்தா எரிக்கும்? இதை ஒரு சாய்ஸாகத் திரையில் கொடுத்தால் எந்தப் பட்டனை அழுத்துவீர்கள்?

இப்படிப்பட்டவர்களை ரசிப்பதே அவர்களை நியாயப்படுத்துவதுதான் என்பவர்களும் உண்டு. குடிகாரப் புருஷனோடு வாழ்ந்தவர் அதைச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்கத்தான் வேண்டும்.

என் கவலை வேறு. அந்தப் பையன்கள் சண்டை போட்டது தமிழில். பாரன் பேசியது ஆங்கிலத்தில். போலந்தில் உருவான ‘விட்சர்’ போலிஷ் மொழியிலும் பேசும். தமிழில் இந்த இரண்டு விளையாட்டுக்கும் சப்டைட்டில்கூடக் கிடையாது. ஒருவன் எதற்காகத் தப்பு செய்தான் என்பதெல்லாம் வசனத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலம் ஓடாத பையன் அதைத் தட்டித் தள்ளிவிட்டு அடுத்த சண்டைக்குப் போகிறான். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பிள்ளைகள் செல்போனில் சுட்டுத்தள்ளும் விளையாட்டாகவே ஆடுகிறார்கள் என்று அங்கலாய்க்கிறோமே, சுடுவதற்கு மொழி வேண்டாம். தயங்குவதற்கு வேண்டும். அந்தத் தயக்கம் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா?

சென்னையிலும் கோவையிலும் கேம் செய்யும் இளைஞர்களே, மதுரை வீரனைத் தமிழில் எடுத்துச் செய்யுங்கள். தயவுசெய்து அவனை நல்லவனாக்கிவிடாதீர்கள்.