கருவாடு தின்றால் கேன்சர் வருமா?



"மீனும் கருவாடும் சாப்பிட்டா வயித்துல கேன்சர் வருமாமே?" என்று லயத்தில் பலரும் கேட்கிறார்கள். சில அம்மாமார் பயந்து பிள்ளைகளுக்கும் மீனை நிறுத்திவிட்டார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. மீன் வேறு, உப்புப் போட்ட மீன் வேறு.

மருதமுனை, கல்முனைக் கரையில் கரைவலையில் பட்ட சாளையையும் பாரையையும் அன்றைக்கே ஆணம் காய்ச்சுவார்கள். குழம்புக்கு அங்கே அப்படித்தான் பேர். மிஞ்சிய மீனைக் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் காய வைத்தால் கருவாடு. கடலுக்குத் தூரமான நமக்கு அதிகம் கிடைப்பது கருவாடுதான்.

வட இத்தாலியில் 1983 முதல் 1996 வரை சுமார் 10,000 புற்றுநோயாளர்களின் சாப்பாட்டை மற்ற நோயாளர்களின் சாப்பாட்டோடு ஒப்பிட்டார்கள். 1999இல் முடிவு வெளிவந்தது. வாரத்தில் 2 தடவையாவது மீன் சாப்பிட்டவர்களுக்கு வாய், உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்கள் குறைவாகவே இருந்தன. அதற்காக மீனை மருந்தென்று எண்ண வேண்டாம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் மீனைக் கண்டு பயப்படக் காரணமில்லை என்பது தெரிகிறது.

கருவாட்டில் கவனிக்க வேண்டியது உப்பு. அதிக உப்பு இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். உப்பிட்ட உணவை நிறையச் சாப்பிடுகிற இடங்களில் இரைப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே:

1. கருவாட்டைத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை 2 தடவை மாற்றிய பிறகு சமையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

2. கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரை சேருங்கள். கருவாடு கொஞ்சம், மரக்கறி நிறைய.

3. நெருப்பில் கருக்கிச் சாப்பிட வேண்டாம்.

4. பால் மறக்கும் பிள்ளைக்குக் கருவாடு வேண்டாம். முள் நீக்கிய பச்சை மீன் கொடுங்கள்.

5. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். 65 பாகைக்கு மேலான சூட்டில் குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2016இல் சொன்னது.

ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும். கருவாட்டுக்குப் பயப்படுகிற நாம், மலைக்குப் போகும்போது வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மடித்துக்கொண்டு போகிறோம். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரிய காரணம் அந்தப் பொட்டலம்தான். புகையிலை போடாமல் மென்றாலும் பாக்கு ஒன்றே போதும், ஆபத்து. சாராயமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

வாய்ப்புண் 2 வாரத்தில் ஆறாவிட்டால், சோறு விழுங்கச் சிரமப்பட்டால், மலத்தில் இரத்தம் போனால், "சம்பளம் போட்ட பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போடாதீர்கள். உடனே தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.