ஆகஸ்டில் விதைத்தால் ஜனவரியில் கீரை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கடலோரமாக இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே ஜனவரி என்றால் வயலெல்லாம் பனி. ஹார்பர்சைடு என்ற சிற்றூரில் விவசாயி எலியட் கோல்மன் அந்த மாதத்திலும் பாலக்கீரை பறித்துச் சந்தைக்கு அனுப்பிக் காட்டினார். அவருடைய பசுமைக்குடில்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது.

வளைத்த இரும்புக் குழாய்கள்மேல் ஒரு பாலித்தீன் தாள். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம். செடி நிற்பது சொந்த மண்ணில். இதுதான் ஹை டனல். கண்ணாடிக் குடிலுக்குப் பணமில்லாமல் 1948-ல் பிளாஸ்டிக் தாளைக் கட்டிப் பார்த்தவர் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எமெரி எம்மெர்ட். கோல்மன் டனலுக்குள்ளேயே பாத்திமேல் மெல்லிய துணி ஒன்றையும் போர்த்தினார். ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிடும் என்பது அவர் கணக்கு.

ஆனால் குளிரைத் தடுத்தால் மட்டும் செடி வளராது. மெய்னில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு. அந்த மூன்று மாதமும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விதைத்து, நவம்பருக்குள் பயிரை முக்கால்வாசி ஆளாக்கிவிட வேண்டும். அதன்பிறகு குடில் வெறும் குளிர்பதனப் பெட்டி, உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். இரவில் விறைத்த இலை வெயில் ஏறியதும் இளகும். அதற்குப் பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். கேரட்டுக்கோ குளிர் லாபம்: மாவுச்சத்து சர்க்கரையாகி இனிப்புக் கூடுகிறது.

தொல்லைகளும் உண்டு. வெயில் அடித்தால் மூடிய குடில் கொதிக்கும். பக்கத் தாளைச் சுருட்டிவிட ஆள் வேண்டும். மழை படாத மண்ணில் உப்புப் பூக்கும். கோல்மன் குடிலையே தள்ளி நகர்த்தும்படி அமைத்து, மண்ணை மழைக்கும் பனிக்கும் விட்டார். அமெரிக்க வேளாண் துறையும் 2009-ல் முன்னோட்டத் திட்டம் அறிவித்து, டனல் போடும் விவசாயிகளுக்கு நிதி தரத் தொடங்கியது.

இதைப் பார்த்து அப்படியே இங்கே போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் டிசம்பரிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை; வெளிச்சக் குறைவால் வளர்ச்சி நிற்பதில்லை. ஓசூர் பாலிஹவுஸ்களின் வேலை மழையையும் பூச்சியையும் தடுப்பது. சமவெளியில் சூட்டைப் பிடித்துவைக்கும் குடில் வீண்செலவு. அங்கே நிழல்வலை போதும்.