உஷார்! பெயர் ஒன்று, மருந்து இரண்டு

கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகிறதா? மூக்கிலிருந்து கறுப்பாக வடிகிறதா? நன்றாக இருந்த மேல்பல் திடீரென்று ஆடுகிறதா? ஒரு கண்ணிமை தொங்கி, எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிகிறாரா? வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இதைச் சைனஸ், பல்வலி என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கருப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறச் சில நாட்களே போதும்.

2021 மே மாதம் திருப்பதி ரூயா, ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் படுத்திருந்ததை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க முடியாது. அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிப்பு, 4,300க்கு மேல் சாவு என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். கொரோனா போனதும் இதுவும் போய்விட்டது என்று நினைப்பது தப்பு. மண்ணிலும் மக்கிய இலைதழையிலும் இந்தப் பூஞ்சை எப்போதும் இருப்பதுதான். கட்டுக்கடங்காத சர்க்கரையும், சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும்தான் அதற்குக் கதவு திறந்துவிடுகின்றன.

இதற்கு முக்கியமான மருந்து ஆம்போடெரிசின்-பி. பூஞ்சையின் செல்சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்லும். கூடவே சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். அதனால்தான் நானோ வடிவம் வந்தது. கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்போமே, அதுபோல மருந்தை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துவிடுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. பூஞ்சையைத் தொடும்வரை மருந்து பெரும்பாலும் குமிழிக்குள்ளேயே இருப்பதால் சிறுநீரகம் ஓரளவு தப்பிக்கிறது. இதன் பெயர் லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி.

ஆபத்து இந்தப் பெயரில்தான் இருக்கிறது. சாதா மருந்தும் 50 மில்லிகிராம் குப்பி, லிப்போசோமலும் 50 மில்லிகிராம் குப்பி. இரண்டிலும் மஞ்சள் பொடி. லிப்போசோமல் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், அதாவது ஆறு குப்பி. அதே ஆறு குப்பியைச் சாதா மருந்தில் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். அதன் உச்சவரம்பே கிலோவுக்கு 1.5 மில்லிகிராம்தான். வெளியே வாங்கிவரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தால் அதில் 'லிப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். குப்பியிலும் அதே சொல் இருக்கிறதா என்று நர்ஸிடம் காட்டிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சாதா குப்பி சில நூறு ரூபாய், லிப்போசோமல் பல ஆயிரம். இந்த வித்தியாசம் போதாதா திருட்டு வியாபாரத்துக்கு? 2021 ஜூனில் போலிக் குப்பி விற்ற கும்பலை டெல்லி போலீஸ் பிடித்தது. அதில் டாக்டர்களும் இருந்தார்கள். தெரிந்தவர் மூலம், பில் இல்லாமல் என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள். ஆந்திர அரசு அந்த மே மாதமே இந்த நோயை ஆரோக்யஸ்ரீயில் சேர்த்தது. திட்டம் இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவா என்ற பெயரில் நடக்கிறது. கையை விட்டுக் காசு போடுமுன் ஆஸ்பத்திரியில் உள்ள அதன் கவுன்ட்டரில் கேளுங்கள்.

அதே 2021இல் ஐஐடி ஹைதராபாத் நானோ இழையில் செய்த 60 மில்லிகிராம் மாத்திரையை, சுமார் 200 ரூபாய் விலையில் தரலாம் என்று அறிவித்தது. நல்ல முயற்சிதான், ஆனால் மனிதர்களிடம் சோதனை பாக்கி இருந்த நிலையில் வந்த அறிவிப்பு அது. அதை நம்பி ஊசியையும் ஆபரேஷனையும் தள்ளிப்போடக் கூடாது. பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துவிட்ட இடத்துக்கு எந்த நானோவும் போய்ச்சேராது. செத்த சதையை வெட்டி எடுத்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. இந்த மருந்தைக் குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலப்பார்கள். சலைனில் கலந்தால் பால் திரிந்தாற்போல் திரிந்துவிடும். "சர்க்கரைக்காரருக்குக் குளுக்கோஸா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு இன்சுலினைக் கூட்டிக்கொள்வார்கள். சிறுநீரகம் தாங்குகிறதா என்று தெரிய, கிரியாட்டினினும் பொட்டாசியமும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.