கரும்புள்ளியும் மானாவாரி நிலமும்

பொருளாதார வகுப்பில் ஜெவன்ஸின் கரும்புள்ளிக் கோட்பாட்டைச் சொன்னதும் மாணவர்கள் சிரிப்பார்கள். சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப இந்திய விளைச்சலும், அதையொட்டி இங்கிலாந்தின் வணிகமும் மாறுவதாக 1870களில் அவர் வாதிட்டார். கோட்பாடு நிலைக்கவில்லை. ஆனால், 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பின் மழையின் காரணத்தைச் சூரியனில் தேடிய ஆவல், 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் தோன்றத் துணைநின்றது. அங்கு 1904 முதல் எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் உலக அறிவியலின் அரிய ஆவணம்.

மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளையும் பெரம்பலூர், அரியலூர் மாணவர்களும் அப்பணியில் இணையலாம். சிறிய தொலைநோக்கியும் கைப்பேசியும் போதும். சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்வாயில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும் என்பதே கட்டாய நிபந்தனை. கண்ணருகே பொருத்தும் வடிகட்டி வெப்பத்தில் விரிசல் விட்டுப் பார்வையைப் பறித்துவிடும்.

நாள்தோறும் படமெடுத்தால் புள்ளிகள் நகர்வது தெரியும். சூரியன் சுமார் 27 நாளில் ஒருமுறை சுழல்வதாக நமக்குத் தோன்றுவதை மாணவரே கணக்கிடலாம். பல்லாண்டுப் படங்களை மழைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால், உடன்நிகழ்வு வேறு, காரணம் வேறு என்பதும் விளங்கும். நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லியும் பலர் மனத்தில் பதியாத பாடம் அது. அரசுப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி என்பது வீண்செலவு ஆகாது.