கறை எதுவென்று அறிந்து துடைப்போம்

இரத்மலானையில், காலி வீதிக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறைதான் வாப்பாவின் வேலைத்தளம். அலுவலகங்கள் கழித்துவிடும் பிரிண்டர்களையும் போட்டோகொப்பி இயந்திரங்களையும் வாங்கி, திருத்தி விற்பார். உள்ளே திருத்துவது வாப்பா; வெளியே துடைப்பது உம்மாவும் நானும்.

கடந்த விடுமுறையில் ஒரு பிரிண்டரின் வெள்ளை மூடியில் நீலப் பேனைக் கீறல் ஒன்று இருந்தது. சவர்க்கார நீருக்கு அது அசையவில்லை. ராத்தாவின் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். மை போயிற்று, கூடவே மூடியின் பளபளப்பும் போயிற்று. இளகிய பிளாஸ்டிக்கில் பஞ்சு நார்கள் ஒட்டிக்கொண்டன. வாங்க வந்தவர் இயந்திரத்தை இயக்கிப் பார்க்கும் முன்பே மூடியைத் தடவிப் பார்த்து 3000 ரூபாய் குறைத்தார். அந்த விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. வாப்பா என்னை ஏசவில்லை. "கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைதானே மகள், ஏன் இப்படி ஆனதென்டு தேடிப் பாருங்க" என்றார். தேடியதையே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய மூடிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் எனும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அக்ரிலோநைத்திரைல், பியூற்றாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்று ஏகபகுதியங்களிலிருந்து பெறப்படும் பல்பகுதியம் அது. நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் இருப்பது அசற்றோன். அது மையைப் போலவே ஏபிஎஸ்ஸையும் கரைக்கும். தின்னரையும் பெற்றோலையும் கூட இம்மூடிகளில் பூசக்கூடாது.

ஆகவே துடைக்க முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கறையைக் கரைப்பது எது? அது மூடியைக் கரைக்காமல் விடுமா? முதலில் இயந்திரத்தின் மின் இணைப்பைக் கழற்றுங்கள். திரவத்தை இயந்திரத்தின் மேல் தெளிக்காமல் துணியில் நனையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சிறிது பூசிப் பாருங்கள்.

கைபட்ட அழுக்கு என்பது எண்ணெய்ப் பசையும் தூசும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை நீரில் கலந்து, துணியை நன்கு பிழிந்து துடைத்தால் போதும்.

டோனர் என்பது நிறமூட்டிய நுண்ணிய பிளாஸ்டிக் தூள். வெப்பத்தால் உருகித்தான் அது கடதாசியில் ஒட்டுகிறது. எனவே சுடுநீர் வேண்டாம். உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, எஞ்சியதைக் குளிர்நீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

பேனை மைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் உதவும். அதிலுள்ள அற்ககோல் பல மைகளைக் கரைக்கும். ஏபிஎஸ்ஸை அசற்றோன் போலக் கரைக்காது. பஞ்சின் பக்கத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். இல்லையேல் மை பரவும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பகுதிகளில் பூசினால் வெடிப்புகள் விழலாம். அச்சிட்ட எழுத்துகளும் அழியலாம். அடுப்புக்கு அருகில் ஸ்பிரிட்டைத் திறக்கவே கூடாது.

ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நகத்தால் உருட்டி எடுக்கலாம். பிறகு சவர்க்கார நீரால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். உரசியதால் வந்த கறுப்புக் கோடுகளுக்கு மெஜிக் ஸ்பொஞ்ச் ஏற்றது. மெலமைன் நுரையாலான அது மிக மென்மையான அரத்தாள் போல வேலை செய்கிறது. ஆதலால் பளபளப்பான மூடியில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மங்கிவிடும்.

மஞ்சள் நிறம் மட்டும் துடைத்துப் போவதில்லை. கழியூதாக் கதிர்களும் ஒட்சிசனும் பிளாஸ்டிக்கையே மாற்றுவதால் உண்டாவது அது. ஐதரசன் பரவொட்சைட்டுப் பூசி வெளிச்சத்தில் வைத்து வெளுக்கச் செய்பவர்கள் உண்டு. ஆனால் செறிந்த கரைசல் தோலைச் சுடும். மஞ்சள் மீண்டும் வரவும் கூடும். இயந்திரத்தை யன்னல் வெயிலில் வைக்காதிருப்பதே எளிது.

இப்போது துடைக்கும் பொருட்களுக்கென ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு போத்தலிலும் எந்தக் கறைக்கு உரியது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ராத்தாவின் நகப்பூச்சு நீக்கி அவரது அலுமாரியிலேயே இருக்கிறது. புதிதாக ஒரு இயந்திரம் வந்தால், உம்மா துணியை எடுக்க முன் என்னைக் கூப்பிட்டு, "இது என்ன கறை மகள்?" என்று கேட்கிறார்.