பிறந்த ஊரும் பெயர் தந்த ஊரும்
கொல்கத்தாவின் நோபல் கணக்கு

வங்கிப் படிவங்களில் பிறந்த இடத்தை ஒரு கட்டத்திலும் தற்போதைய முகவரியை வேறொரு கட்டத்திலும் நிரப்பக் கேட்கிறோம். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நோபல் பரிசு பெற்றோரின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இம்முறையே கையாளப்படுகிறது. பரிசாளர் பிறந்த இடம் தனியாகவும், பரிசு பெற்றபோது அவர் பணியாற்றிய நிறுவனம் தனியாகவும் குறிக்கப்படுகின்றன. இவ்விரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்தியாவில் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் இல்லை.

இந்நகரத்தோடு நெருங்கிய தொடர்புடைய நோபல் பரிசாளர்கள் அறுவர். மலேரியா ஆய்வுக்காக 1902இல் மருத்துவப் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். 1930இல் இயற்பியல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் திருச்சிராப்பள்ளிக்காரர். 1979இல் அமைதிப் பரிசு பெற்ற அன்னை தெரசா ஐரோப்பாவின் ஸ்கோப்ஜே நகரில் பிறந்து, 1929இல் இங்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்றவர். 1998இல் பொருளியல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் சாந்திநிகேதனில் பிறந்தார். 2019இல் அதே துறையில் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி மும்பையில் பிறந்தார். இவ்விருவரும் கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவர்கள். அறுவருள் இந்நகரிலேயே பிறந்தவர், 1913இல் இலக்கியப் பரிசு பெற்ற இரவீந்திரநாத் தாகூர் ஒருவரே. அவர் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்தை இன்றும் காணலாம்.

ஆக, பிறப்புச் சான்றிதழை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் கொல்கத்தாவின் கணக்கில் இருப்பது ஒன்று. வாழ்ந்த, பயின்ற, உழைத்த இடத்தைக் கொண்டு பார்த்தால் ஆறு. மற்ற ஐவரையும் இந்நகரம் எதனால் ஈட்டியது?

கணக்கு அதிகாரியும் ஆய்வுக்கூடமும்

விடை தேடத் தமிழராகிய நமக்கு ராமனின் வாழ்வே போதும். 1907இல் அவர் கல்கத்தாவுக்கு வந்தது விஞ்ஞானியாக அன்று. அரசின் நிதித்துறையில் துணைக் கணக்காயராக வந்தார். அன்று அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறையவில்லை. பவுபஜார் தெருவில் ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றவருக்கு அங்கிருந்த ஆய்வுக்கருவிகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், பணி முடிந்தபின் மாலையிலும் அங்கே ஆய்வு செய்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்று 1911இல் திரும்பியபோதும் அந்தக் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. 1917இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக முன்பு இருந்த அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, அரசுப் பணியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் ராமன் விளைவு அதே பவுபஜார் கட்டடத்தில் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வில் அவருக்குத் துணைநின்ற கே.எஸ். கிருஷ்ணனும் நம் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்காரரே.

அந்தக் கதவைக் கட்டியவரை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். இந்தியர்கள் தாமே அறிவியல் ஆய்வு நடத்த ஓர் இடம் வேண்டும் என்று எழுதியும் பேசியும், செல்வந்தரிடமும் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, 1876இல் அக்கழகத்தை நிறுவினார். அங்கே அறிவியல் விரிவுரைகள் தொடர்ந்து நடந்தன. அவர் விரும்பிய அளவுக்கு ஆய்வு நடக்கவில்லை. 1904இல் அவர் காலமானார். மூன்றே ஆண்டுகளுக்குப் பின் ராமன் அங்கு நுழைந்தார். பணம் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் அதன் பயனைக் காணவில்லை. கழகம் தொடங்கியதற்கும் ஸ்டாக்ஹோமில் ராமன் பரிசு பெற்றதற்கும் இடைப்பட்ட காலம் 54 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட தவணையுள்ள வைப்புநிதித் திட்டம் எந்த வங்கியிலும் இல்லை.

நம் பட்டியலின் மறுபக்கம்

இதே அளவுகோலைத் தமிழர் பட்டியலுக்கும் பொருத்திப் பார்ப்பது நேர்மை. 1983இல் இயற்பியல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில். காரணம், தந்தையின் அரசுக் கணக்குத்துறைப் பணி. மாற்றல் ஆணையோடு ஊர் ஊராகச் செல்லும் வங்கிக் குடும்பங்களுக்கு இது புதிதன்று. அவர் பயின்றது சென்னை மாநிலக் கல்லூரியில். பின்னர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிகாகோவில் கழித்தார். 2009இல் வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, பரிசு பெற்றபோது கேம்பிரிட்ஜில் பணியாற்றினார். சிதம்பரம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும் ஆய்வுக்கூடமும் கருவியும் காத்திருக்கும் பொறுமையும் வேறோர் ஊர் தந்தவை என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே நினைக்கவேண்டும். மேதைகள் நம் ஊரில் பிறப்பது நம் நல்லூழ். அவர்கள் இங்கேயே தங்கவும், வெளியூர் மேதைகள் இங்கு வந்து சேரவும் வழி செய்வது நம் முயற்சி.

அத்தகைய முயற்சிக்குப் பரிசாளர்களே முன்மாதிரி. தாகூர் தமக்குக் கிடைத்த பரிசுத்தொகையை, கிழக்கு வங்காளத்துப் பதிசர் கிராமத்தில் தாம் நிறுவியிருந்த வேளாண் வங்கியில் வைத்தார். கந்துவட்டியில் சிக்கிய உழவர்களுக்கு அது கடனாகச் சென்றது. அதன் வட்டி சாந்திநிகேதன் பள்ளிக்கு உதவுமென்பது எண்ணம். கொடுத்த கடன்கள் முழுவதும் திரும்பவில்லை, அவ்வங்கியும் நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பயின்ற அமர்த்தியா சென் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார். தம் பரிசுத்தொகையைக் கொண்டு தொடக்கக்கல்வி, சுகாதாரம் ஆகியவற்றுக்காகப் பிரதீச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒருவர் இட்ட முதல், வேறொருவர் பெயரில் முதிர்ந்து, மீண்டும் முதலீடாயிற்று.

நம் வாடிக்கையாளர்களுள் பலர் தாம் படித்த பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்புகிறார்கள். தொகை சிறிதென்று அவர்கள் தயங்கவேண்டியதில்லை. பவுபஜார் கழகமும் இவ்வாறு பலர் கொடுத்ததில் எழுந்ததே.

கொல்கத்தா செல்லும் வாசகர்கள் அவ்விடத்தைக் காண விரும்பலாம். ஆய்வுக்கழகம் பிற்காலத்தில் யாதவ்பூருக்கு இடம்பெயர்ந்துவிட்டது. தெருவின் பெயர் இப்போது விபின் பிகாரி கங்குலி தெரு. பழைய 210ஆம் எண் முகவரியில் இன்று இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி. கணக்கு அதிகாரி ஒருவர் மாலைதோறும் ஒளியை ஆராய வந்த இடத்தில், இன்று இளைஞர்கள் கணக்கியல் பயில்கின்றனர்.